மறைந்து போய், முடித்து, மீண்டு வர: ரோக் ஆட்டத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்கள் இருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் இப்படிப்பட்ட கற்கள் நிறைய. அவற்றில் பல, ஆநிரை கவரப் போனபோதும் மீட்கப் போனபோதும் மாண்டவர்களுக்காக நட்டவை. கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை. வெட்சிக்குப் போகிறவனுக்கு வேலை மூன்று. ஊருக்குத் தெரியாமல் உள்ளே நுழைய வேண்டும், மாட்டை ஓட்ட வேண்டும், துரத்தி வருகிறவர்களிடம் சிக்காமல் ஊர் திரும்ப வேண்டும். ஆன்லைன் ரோல் பிளேயிங் கேம்களில் ரோக் என்ற, மறைந்திருந்து தாக்கும் கிளாஸை (பாத்திர வகையை) எடுத்து ஆடுகிறவருக்கும் இதே மூன்று வேலைதான். பெரும்பாலோர் நடுவில் உள்ள அடியை மட்டும் பழகுகிறார்கள். நுழைவதும் திரும்புவதும் பழகாததால், பத்து சண்டையில் ஏழெட்டில் தரையில் கிடக்கிறார்கள். இந்த வழிகாட்டியில் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எண்கள் எல்லாம் 2019-ல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கின் 60 லெவல் விதிகளின்படி. ரோக்கின் அடிப்படைக் கணக்கு அதில்தான் மிகத் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும். அதில் பழகிய கைக்கு மற்ற கேம்கள் சுலபமாக வசப்படும். அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம்.

லைனும் கீபோர்டும்

இங்கிருந்து ஐரோப்பிய சர்வரில் ஆடினால் பிங் (சர்வருக்குச் சேதி போய்த் திரும்பும் நேரம்) பெரும்பாலும் 150 மில்லிநொடிக்கு மேல்தான் இருக்கும். மற்ற கிளாஸ்களைவிட ரோக்குக்கு இது அதிகம் வலிக்கும். காரணம், பேக்ஸ்டாப், ஆம்புஷ், கரோட் என்ற மூன்று அடிகளும் எதிரியின் முதுகுப்பக்கம் நின்றால்தான் விழும். ஓடுகிற எதிரி உங்கள் திரையில் தெரியும் இடத்தில் இல்லை, சர்வர் கணக்கில் ஓரடி முன்னே போயிருப்பான். அவன் முதுகை ஒட்டியே ஓடினால் "நீ பின்னால் இல்லை" என்ற சிவப்பு எழுத்துதான் வரும். அவன் உடலுக்குள்ளேயே புகுந்து தாண்டி, சட்டென்று திரும்பி அடிக்கப் பழகுங்கள். நேர்ப்பக்கம் நின்று அடிக்கக்கூடிய சினிஸ்டர் ஸ்ட்ரைக்கை முதன்மை அடியாக வைத்துக்கொண்டால் பிங் தொல்லை பாதி குறையும். புதியவர்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: முதல் 60 லெவலும் வாள் அல்லது கதாயுதம், கத்தி அப்புறம்.

பிங் அதிகமாக இருப்பதைவிட, அது ஏறி இறங்குவது மோசம். நிலையாக 180 இருந்தால் கை அதற்குப் பழகிவிடும். 90-க்கும் 300-க்கும் குதித்தால் எதுவும் பழகாது. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து கேபிள் இழுங்கள். சண்டை நேரத்தில் வீட்டில் யாருடைய போனாவது போட்டோ பேக்கப் ஏற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள், அப்லோடு நிரம்பினால் பிங் எகிறும். கரண்ட் அடிக்கடி போகிற ஊராக இருந்தால் ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று போட்டுவிடுங்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது லைன் மட்டும் அறுந்துபோவது குழுவையே சாய்க்கும்.

கீபோர்டில் முதல் மாற்றம்: திரும்புவது மவுஸால், பக்கவாட்டு நடை ஏ, டி பட்டன்களில். பின்னோக்கி நடக்கும் எஸ் பட்டனை விடுவித்து வேறு வேலைக்குக் கொடுங்கள். பின்னோக்கி நடக்கிற ரோக் வேகம் குறைந்து, முன்பக்கத்தையும் காட்டிக்கொண்டு நிற்பான். 1, 2, 3 அடிகளுக்கு. கிக் (மந்திரத்தைத் தடுப்பது), கௌஜ் (எதிரியைச் சற்று நேரம் முடக்குவது), கிட்னி ஷாட் (ஸ்டன், அதாவது அசையாமல் நிறுத்துவது) மூன்றும் இடது கை விரல் நகராமல் எட்டும் எழுத்துகளில். சண்டை நடுவிலேயே மறையவைக்கும் வேனிஷை ஷிஃப்டோடு சேர்த்து வையுங்கள், தவறி அழுந்தக் கூடாத பட்டன் அது.

இதில் ஒரு பொறி உண்டு. ஸ்டெல்த்தில் (மறைவு நிலையில்) இருக்கும்போது பட்டன் வரிசை தானாக வேறொரு பக்கத்துக்கு மாறும். அதே 1 பட்டன் மறைந்திருக்கும்போது சீப் ஷாட், வெளிப்பட்ட பிறகு சினிஸ்டர் ஸ்ட்ரைக். பதற்றத்தில் 1-ஐ இரண்டு முறை தட்டினால், சீப் ஷாட் விழுந்த அடுத்த நொடியே வேண்டாத அடியும் விழுந்து எனர்ஜி காலியாகும். இரண்டாவது தட்டு எவ்வளவு விலை என்பது கீழே வரும் கணக்கில் தெரியும்.

எனர்ஜி, இரண்டு நொடிக்கு ஒரு துளி

ரோக்கின் கையிருப்பு 100 எனர்ஜி. இரண்டு நொடிக்கு ஒருமுறை 20 ஏறும். நொடிக்கு 10 என்று சீராக ஊறாது, இரண்டு நொடிக்கு ஒரு டிக் என்று சொட்டும். எனர்ஜி நிரம்பியிருக்கும்போதும் அந்த டிக் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதைக் காட்டும் ஆட்ஆன் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். மறைந்து நின்று முதல் அடி கொடுக்கப் போகும்போது, அடுத்த டிக்குக்கு அரை நொடி முன்னால் அடியுங்கள். அடித்த கையோடு 20 திரும்ப வந்துவிடும். டிக் விழுந்த மறுநொடி அடித்தால் அதே 20-க்கு ஏறக்குறைய இரண்டு நொடி காத்திருக்க வேண்டும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய விலைகள்: சீப் ஷாட் 60, ஆம்புஷ் 60, பேக்ஸ்டாப் 60, ஸாப் 65, கௌஜ் 45, சினிஸ்டர் ஸ்ட்ரைக் 45, எவிசரேட் 35, கிட்னி ஷாட் 25, கிக் 25, ஸ்லைஸ் அண்ட் டைஸ் (உங்கள் வீச்சு வேகத்தைக் கூட்டுவது) 25. இம்ப்ரூவ்டு சினிஸ்டர் ஸ்ட்ரைக் டேலண்டில் (லெவல் ஏறக் கிடைக்கும் புள்ளிகளால் வாங்கும் திறமையில்) இரண்டு புள்ளி போட்டால் 45 என்பது 40 ஆகும். ரோக் எடுத்தவர் முதலில் போட வேண்டிய இரண்டு புள்ளி அவைதான்.

ஆயுதத்தில் ஒரு விஷயம். சினிஸ்டர் ஸ்ட்ரைக் ஆயுதத்தின் ஒரு வீச்சுச் சேதத்தை அடிப்படையாகக் கொள்வதால், வலது கையில் மெதுவான, ஒரு வீச்சு கனமான ஆயுதம் வேண்டும். இடது கையில் வேகமான கத்தி, அடிக்கடி பட்டால்தான் அதில் பூசிய விஷம் அடிக்கடி ஏறும். கத்தியிலேயே வளர்ந்துவிட்டு 40 லெவலில் நல்ல வாள் கிடைத்தது என்று மாற்றினால் அடி அடியாகத் தவறும். வாள் திறன் 1-இல் இருக்கும், அந்த லெவலுக்கு 200 இருக்க வேண்டும். தாழ்ந்த லெவல் மிருகங்களை அடித்து அதை ஏற்றிவிட்டுத்தான் சண்டைக்குப் போக வேண்டும்.

நடை

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகிக் கொல்லையில் பரண் கட்டி ராக்காவல் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கணக்கு. டார்ச் வெளிச்சம் போகும் பக்கம் தூரம் வரைக்கும் தெரியும், முதுகுப்பக்கம் கிட்டே வந்தால்தான் தெரியும். கேமில் காவலாளிகளும் அப்படியே. ஸ்டெல்த்தில் இருக்கும் உங்களை முன்பக்கம் வெகு தூரத்தில் கண்டுபிடிப்பார்கள், பின்பக்கம் வெகு கிட்டத்தில்தான். அவர்கள் லெவல் உங்களைவிட ஒவ்வொன்றாக ஏற ஏற அந்தத் தூரம் நீளும். உங்களைவிட மூன்று லெவல் கூடிய காவலாளியின் முகத்துக்கு நேரே போவது வீண்.

நடை மெதுவானது. முதல் ராங்க் ஸ்டெல்த்தில் வேகம் பாதி, நான்காம் ராங்கில் 70 சதவீதம். கேமோஃபிளாஜ் டேலண்ட் இன்னும் 15 சதவீதம் தரும். ரோந்து போகிற காவலாளி நடந்தாலே உங்களைத் தாண்டிவிடுவான். அதனால் துரத்தாதீர்கள். அவன் பாதையை ஒரு முழுச் சுற்று நின்று பாருங்கள், எங்கே திரும்புகிறான், எங்கே நிற்கிறான் என்று. திரும்பும் முனைக்குச் சற்று முன்னால் பக்கவாட்டில் காத்திருந்து, அவன் திரும்பி முதுகு காட்டிய பிறகு ஒட்டிக்கொள்ளுங்கள்.

எல்லைக்குள் வந்துவிட்டால் கேம் எச்சரிக்கும். காவலாளி நின்று உங்கள் பக்கம் முகம் திருப்புவான், சத்தம் ஒன்று கேட்கும். அந்த நொடியில் பலர் "பார்த்துவிட்டான்" என்று அடித்துவிடுகிறார்கள். அவன் இன்னும் பார்க்கவில்லை, சந்தேகப்படுகிறான். வந்த வழியே மூன்று நான்கு அடி பின்வாங்கினால் மறுபடி தன் வேலைக்குப் போவான்.

காவலாளிகளின் கவனத்தைத் திருப்பும் டிஸ்ட்ராக்ட்டை எங்கே எறிவது என்பதில் தவறு அதிகம். எறிந்த இடத்தைப் பார்த்து எல்லாரும் 10 நொடி திரும்பி நிற்பார்கள். எனவே நீங்கள் போக வேண்டிய பாதைக்கு எதிர்ப்பக்கம், அவர்களைத் தாண்டி எறிய வேண்டும். உங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் எறிந்தால் நீங்களே அவர்களைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டச் சொன்ன மாதிரி. ரோந்து போகிறவன் மேல் எறிந்தால் அவன் 10 நொடி அங்கேயே நின்றுவிடுவான். குழு ஒரு அறையைத் தாண்ட அந்த 10 நொடி போதும்.

நடை பழக மிக நல்ல பயிற்சி பிக் பாக்கெட். 4 லெவலிலேயே கிடைக்கும், பலித்தால் மறைவு கலையாது, கிட்டத்தட்ட கைக்கெட்டும் தூரம் வரை போயாக வேண்டும். மனித உருவ எதிரிகள் நிறைந்த முகாம் ஒன்றுக்குப் போய், யாரையும் அடிக்காமல் இருபது பேரின் பையைத் தடவிவிட்டு வெளியே வாருங்கள். சில சமயம் ரெசிஸ்ட் ஆகி மறைவு கலையும், அது உங்கள் தவறு இல்லை. மற்ற எல்லாமே நடையின் தவறுதான். இருபதையும் சிக்காமல் முடிக்கும் வரை ஆம்புஷ் பற்றி யோசிக்க வேண்டாம்.

ஸாப்

எதிரியைச் சற்று நேரம் மயங்கவைத்து ஒதுக்கும் ஸாப், மனித உருவ எதிரிமேல், அவன் சண்டையில் இல்லாதபோது மட்டும் விழும். 10 லெவலில் 25 நொடி, 28-ல் 35, 48-ல் 45. ஒரு நேரத்தில் ஒருவன்தான். இம்ப்ரூவ்டு ஸாப் டேலண்ட் இல்லாமல் போட்டால் போட்டவுடனே மறைவு கலைந்து, பக்கத்தில் நிற்பவன் உங்கள்மேல் பாய்வான். மூன்று புள்ளி போட்டால் 90 சதவீதம் மறைவு திரும்பும். மீதி 10 சதவீதத்துக்கு டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) தயாராக நிற்க வேண்டும்.

அதனால் போடும் முன் குழுவோடு பேச்சு தெளிவாக இருக்கட்டும்.

"அண்ணா, நிலா என்னுது. ஸாப் விழுந்ததும் சொல்றேன், அதுவரைக்கும் யாரும் அம்பு விடாதீங்க."

"சரிடா, நீ சொன்னப்புறம்தான் இழுப்பேன். மண்டையோட்டை முதல்ல அடிப்போம்."

இவ்வளவுதான் வேண்டும். எதிரிகளின் தலைமேல் வைத்த நிலா, மண்டையோடு போன்ற குறிகளில் எது உங்களுடையது, எப்போது இழுப்பது (சண்டையைத் தொடங்குவது), முதலில் யார். டெட்மைன்ஸும் ஸ்கார்லெட் மொனாஸ்ட்ரியும் மனித உருவ எதிரிகள் நிறைந்தவை, ஸாப் பழக அவைதான் பள்ளிக்கூடம். ஸாப் போட்ட பிறகு உங்களிடம் 35 எனர்ஜிதான் மிச்சம். அது 100-க்குத் திரும்ப நான்கு டிக் வேண்டும், அதாவது சுமார் எட்டு நொடி. உடனே அடுத்தவன்மேல் பாயாமல் அந்த எட்டு நொடி முதுகுப்பக்கம் போய் நிற்கப் பயன்படுத்துங்கள்.

முதல் எட்டு நொடி

ஒரே ஒரு சண்டையை நொடி நொடியாகப் பார்க்கலாம். எதிரே 60 லெவல் வார்லாக், மந்திரவாதி வகை. உங்களிடம் 100 எனர்ஜி, சினிஸ்டர் ஸ்ட்ரைக் 40. டிக்குக்கு அரை நொடி முன்னால் தொடங்குகிறீர்கள்.

0-வது நொடி: சீப் ஷாட். 40 மிச்சம், இரண்டு காம்போ பாயிண்ட் (அடிகள் சேர்த்துத் தரும் புள்ளி, கிட்னி ஷாட் போன்றவை அதைச் செலவழிக்கும்), எதிரி 4 நொடி ஸ்டன்.
0.5: டிக், 60.
1: சினிஸ்டர் ஸ்ட்ரைக். 20 மிச்சம், மூன்று பாயிண்ட்.
2.5: டிக், 40.

இங்கேதான் சண்டை தீர்மானமாகிறது. கையில் சரியாக 40 இருக்கிறது, இன்னொரு சினிஸ்டர் ஸ்ட்ரைக்குக் கை பரபரக்கும். அடித்தால் 0. 4-வது நொடியில் ஸ்டன் இறங்கும். 4.5-ல் டிக் வந்து 20 ஆகும். கிட்னி ஷாட்டுக்கும் 25 வேண்டும், கிக்குக்கும் 25 வேண்டும். ஐந்து எனர்ஜி குறைவால் இரண்டும் இல்லை. அடுத்த டிக் 6.5-ல். நடுவில் இரண்டரை நொடி வார்லாக் சுதந்திரமாக நிற்கிறான், அவனுடைய ஃபியர் மந்திரத்துக்கு ஒன்றரை நொடி போதும். தோற்றது அந்த ஒரு தட்டில்.

அடிக்காமல் பொறுத்தால்: 3.9-ல் 40 எனர்ஜியோடு, மூன்று பாயிண்டில் கிட்னி ஷாட். இரண்டாம் ராங்கில் மூன்று பாயிண்டுக்கு 4 நொடி ஸ்டன். 15 மிச்சம். 4.5-ல் 35, 6.5-ல் 55. ஒரு சினிஸ்டர் ஸ்ட்ரைக், 15. ஸ்டன் 8-க்கு அருகே இறங்கும். 8.5-ல் டிக் வந்து 35. அவன் மந்திரம் தொடங்கினால் அது முடியும் முன் கிக் போட 25 கையில் இருக்கிறது. கிக் விழுந்தால் அந்த மந்திரப் பிரிவு 5 நொடி பூட்டு. இடையில் உங்கள் ஆயுதங்களின் தானியங்கி வீச்சு விழுந்துகொண்டே இருக்கும், விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். ரோக்கின் பாதிச் சேதம் இப்படிச் சும்மா நிற்கும்போது விழுவதுதான். எனர்ஜியைச் செலவழிக்காத நேரமெல்லாம் வீணான நேரம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரே வகை ஸ்டன்னைத் திரும்பத் திரும்பப் போட்டால் இரண்டாவது பாதி நேரம், மூன்றாவது கால் நேரம், அப்புறம் விழவே விழாது. கிளாசிக்கில் கிட்னி ஷாட் தனி வகை என்பதால்தான் மேலே உள்ள வரிசை முழு நேரமும் வேலை செய்கிறது. புதிய பதிப்புகளில் ஸ்டன் எல்லாம் ஒரே வகை. அங்கே சீப் ஷாட்டுக்குப் பின் உடனே வரும் கிட்னி ஷாட் பாதிதான்.

திரும்பி வருவது

எதிரியைத் தொடும் முன்பே எந்தப் பக்கம் ஓடுவது என்று முடிவாகியிருக்க வேண்டும். ஒரு மூலை, ஒரு பாறை, ஒரு சுவர், பார்வையை மறைக்கும் எதுவும். வெட்டவெளியில் ஸ்பிரிண்ட் வேட்டைக்காரனிடமிருந்து காப்பாற்றாது.

கையில் உள்ளவை: ஸ்பிரிண்ட் (வேக ஓட்டம்) 15 நொடி, எவேஷன் (வீச்சிலிருந்து விலகுவது) 15 நொடி, பிளைண்ட் (எதிரியைத் திகைக்க வைப்பது) 10 நொடி, வேனிஷ். நான்குக்கும் 5 நிமிடக் கூல்டவுன் (மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்). வேனிஷுக்கு ஃபிளாஷ் பவுடர், பிளைண்டுக்கு பிளைண்டிங் பவுடர் பையில் இருக்க வேண்டும். ஊரை விட்டுக் கிளம்பும்போது இரண்டிலும் 20 இருக்கிறதா என்று பாருங்கள். பவுடர் தீர்ந்தது சண்டைக்கு நடுவில்தான் தெரியும். திஸில் டீ ஒன்றும் வைத்திருங்கள், குடித்தால் 100 எனர்ஜி உடனே.

எவேஷன் வாள் வீச்சுக்கு மட்டும், மந்திரத்துக்கு ஒன்றும் செய்யாது. மந்திரவாதியிடம் அதை அழுத்துவது வீண்.

வேனிஷ் தோற்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: உங்கள்மேல் ஓடிக்கொண்டிருக்கும் சேதம். வார்லாக்கின் கரப்ஷன் மந்திரமோ, போர்வீரனின் ரெண்ட் என்ற ரத்தக் கசிவோ உடம்பில் இருக்கும்போது மறைந்தால், அடுத்த துளிச் சேதம் விழும்போது மறைவு கலையும். ஐந்து நிமிடக் கூல்டவுனும் போச்சு, பவுடரும் போச்சு. உங்கள் டிபஃப் வரிசையை (உங்கள்மேல் ஓடும் கெடுதல்களின் பட்டியலை)ப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் முதலில் பிளைண்ட், அது தீரும்வரை மூலைக்குப் பின்னால், அப்புறம் வேனிஷ். பாலடினின் கான்சிக்ரேஷன் பரவிய தரையில் மறைவதும் அப்படியே, முதலில் அந்த வட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். ட்ரூயிட்டின் ஃபேரி ஃபயர் மேலே இருந்தால் மறைய முடியாது.

பிளைண்டைத் தப்பிக்க மட்டும் வைக்காதீர்கள். 10 நொடி பிளைண்டில் 8 நொடி பேண்டேஜ் முழுதாகச் சுற்றலாம், இரண்டு நொடி மிச்சமும் இருக்கும். ஹெவி ரூன்கிளாத் பேண்டேஜ் என்றால் 2000 உயிர் திரும்பும். ஒரே நிபந்தனை: எதிரிமேல் உங்கள் விஷமோ ரத்தக் கசிவோ ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. டெட்லி பாய்சன் 12 நொடி ஓடும், அதன் அடுத்த துளி பிளைண்டைக் கலைத்துவிடும். இதனால்தான் ஆளோடு ஆள் சண்டைக்கு இடது கையில் டெட்லிக்குப் பதில் கிரிப்பிளிங் பூசுகிறார்கள். அது எதிரியின் ஓட்டத்தை 50 சதவீதமும், இரண்டாம் ராங்கில் 70 சதவீதமும் குறைக்கும், சேதம் எதுவும் கொடுக்காது. ஓடும்போதும் அதுவே உங்களைக் காக்கும். கௌஜுக்கும் இதே நிபந்தனைதான்.

குழுவில்

டேங்க் இரண்டு மூன்று அடி கொடுத்து எதிரியைப் பிடித்த பிறகு நீங்கள் நுழையுங்கள். முதுகுப்பக்கமே நில்லுங்கள், பின்னாலிருந்து வரும் அடியைப் பாஸால் (பெரிய எதிரியால்) தடுக்க முடியாது. ஸ்லைஸ் அண்ட் டைஸ் ஒருபோதும் இறங்கக் கூடாது, ஒரு பாயிண்டில் 9 நொடி, ஐந்தில் 21 நொடி. சண்டை தொடங்கியதும் இரண்டு பாயிண்டிலேயே ஒருமுறை ஏற்றிவிட்டு, அடுத்ததை ஐந்தில் போடுங்கள். கிளாசிக்கில் காம்போ பாயிண்ட் எதிரிமேல்தான் இருக்கும், ஆளை மாற்றினால் சேர்த்தது போய்விடும். 2014-க்குப் பின் வந்த பதிப்புகளில் அது உங்களிடமே தங்கும்.

மற்ற கேம்கள்

கில்ட் வார்ஸ் 2-இல் தீஃப்புக்கு எனர்ஜிக்குப் பதில் இனிஷியேட்டிவ், நொடிக்கு ஒன்று ஊறும். மறைவு சில நொடிகள்தான், ஆனால் சண்டைக்கு நடுவிலேயே திரும்பத் திரும்ப மறையலாம். மறைவிலிருந்து அடித்தால் ரிவீல்டு என்று ஒரு குறி வரும், அது தீரும்வரை மறுபடி மறைய முடியாது. அந்த இடைவெளியில் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் அந்தக் கேமின் ரோக் ஆட்டம். அடிப்படைக் கேம் இலவசம், புதிதாகப் பழகுபவர்கள் இதிலிருந்து தொடங்கலாம்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் நைட்பிளேடு குனிந்து நடக்கும்போது திரை நடுவில் ஒரு கண் தெரியும். கண் முழுதாகத் திறந்தால் பார்த்துவிட்டார்கள். குனிந்து நகரும்போது ஸ்டாமினா கரையும், நின்றால் கரையாது. முதல் அடிக்கு ஸ்டாமினா மிச்சம் இருக்கும்படி நின்று நின்று போக வேண்டும்.

எந்தக் கேமானாலும் வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் இப்படிச் செய்யுங்கள். உங்கள் லெவலுக்குச் சமமான முகாம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளி வாசலிலிருந்து நடுக் கூடாரம் வரை ஒருவரையும் எழுப்பாமல் போங்கள். அங்கே ஒரே ஒருவனைத் தொட்டுச் சண்டையைத் தொடங்கி, முடிக்காமல், உயிரோடு வெளி வாசலுக்குத் திரும்புங்கள். எத்தனை கூல்டவுன் செலவானது என்று குறித்து வையுங்கள். முதல் தடவை நான்கும் போகும். வேனிஷைத் தொடாமலே திரும்பும் நாள் வந்ததும், இரண்டு லெவல் கூடிய முகாமுக்கு மாறுங்கள்.